ஞானத்தாய்ப் பட்டியலில் கடைசிப் பெயர்

மீன் விலை திடீரென்று குறைந்தால் நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். காரணமில்லாமல் யாராவது சிரித்தால் கல்லாப்பெட்டியை மூடிவிடுவேன். இதைச் சந்தேக புத்தி என்கிறார் என் கணவர் லூசியோ. சாலையோரத்தில் பதினோரு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

அதனால் அந்தப் புதன்கிழமை மதியம் பெலாகியா அக்கா என் கடைக்குள் நுழைந்து, பெஞ்சைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தபோது என் கை தானாகக் கல்லாப்பெட்டியை மூடியது. அவர் எங்கள் சாலையில் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி மூன்று வைத்திருக்கிற அம்மாள். கோயில் பீடத்துக்கு வாராவாரம் பூ வாங்கித் தருகிறவர். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட என் கடையில் கை நனைத்ததில்லை.

"என்னடி நொர்மி, இன்னிக்கி என்ன கொதிக்குது?"

"புளி போட்ட பன்னி சூப்புதான் அக்கா. ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டுமா?"

"ஆறுனா என்ன, உன் கைமணம் எங்க போயிடும்?"

என் கைமணம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். லூசியோவின் முதுகுவலியை விசாரித்தார். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் என் மகளை விசாரித்தார். என் கடைக் கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்து, துருப்பிடித்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். எங்கள் ஊரில் யாரும் வந்த காரியத்தை வந்தவுடன் சொல்வதில்லை. நாய் படுப்பதற்கு முன் சுற்றுகிற மாதிரி நாலு சுற்றுச் சுற்றுவோம். ஆனால் ஐந்தாவது சுற்று வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். பெலாகியா அக்கா ஏழாவது சுற்றில் இருந்தார்.

கடைசியில் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பீகோ. ஒட்டரிசியில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுக் கிண்டிய பலகாரம். இலை இன்னும் சூடாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம். ரோமெலோட பையன். நீ ஞானத்தாயா நிக்கணும்டி."

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டையே மறுபடியும் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர் மன்றத்தில் விசாரணை. அந்த விசாரணையில் அவர் மகன் ரோமெலுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறவள் நான்.

ஏழு வாரத்துக்கு முன் நடந்தது இது. காலை ஆறு மணி. கடைவாசலில் உட்கார்ந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். மெல்ச்சோர் அண்ணன் தோளில் மூங்கில் குழாயோடு வளைவில் நடந்து வந்தார். அவர் தென்னையில் கள் இறக்குகிறவர், ஒண்டிக்கட்டை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மரத்தில்தான் இருக்கிறார். பின்னால் நீல ஜீப்னி ஒன்று வந்த வேகத்தைப் பார்த்து நான் கத்துவதற்குள் அவர் பள்ளத்தில் கிடந்தார். குழாய் உடைந்து கள் என் காலடி வரைக்கும் ஓடி வந்தது. ஜீப்னி நின்றது. ரோமெல் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

வேறு யாரும் பார்க்கவில்லை. விழுந்தவர் பார்த்தது ஜீப்னியின் பின்புறத்தையும் அதில் எழுதியிருந்த பெயரையும். நான் பார்த்தது முகத்தை. அன்றைக்குத் தங்கள் நீல வண்டி பட்டறையில் நின்றது என்றார் பெலாகியா அக்கா. பட்டறைக்காரனும் தலையை ஆட்டினான். அவன் யாருடைய மருமகன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மெல்ச்சோர் அண்ணனின் கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. லுசேனா நகரத்துப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பைத் திரும்ப உடைத்துத் தகடு வைக்க வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் இனி மரம் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தச் செலவு அண்ணனால் ஆகிற காரியமில்லை. இடித்தவர்கள் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. போலீசுக்குப் போனால் ஊர் இரண்டாகிவிடும், முதலில் என்னிடம் வாருங்கள், பேசித் தீர்க்கலாம் என்றார் கேப்டன் அபுண்டியோ. ஊர்த்தலைவரை நாங்கள் கேப்டன் என்போம். கப்பல் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான்தான் மெல்ச்சோர் அண்ணனிடம் சொன்னேன், "நான் பாத்தேண்ணே. எங்க கேட்டாலும் சொல்லுவேன்" என்று.

இப்போது பீகோ என் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

ஞானத்தாயாக நிற்கக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்தக் கெடுதல் குழந்தையின் தலையில் விழும். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது, ஆனால் மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. நின்றுவிட்டாலோ, அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான் குமாரே; ஆணாக இருந்தால் கும்பாரே. குமாரே என்றால் சொந்தம். ரத்தத்தில் வந்த சொந்தத்தோடு சண்டை போடலாம். தண்ணீரில் வந்த சொந்தத்தோடு போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கையில் ஏந்திவிட்டுத் திங்கட்கிழமை அதன் அப்பனைக் காட்டிக்கொடுத்தால் என் முகத்தில் விழிக்க ஊரில் ஆள் இருக்காது. என் கடையில் சாப்பிடவும் இருக்காது. பெலாகியா அக்கா என் வாய்க்குத் தேடிக்கொண்டு வந்த பூட்டு மூன்று மாதக் குழந்தை.

"பாக்கலாம் அக்கா" என்றேன்.

எங்கள் ஊரில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற அளவுக்கு யாரும் இங்கே வளர்ப்பு கெட்டவர்கள் இல்லை. கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் பெலாகியா அக்கா எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டி, நீ மாட்டேன்னு சொல்லமாட்டேன்னு."

அது உண்மைதான். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ரோமெல் வந்தான். நேற்றுவரை என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவன், நேராக வந்து குனிந்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"கேஸ் சிலிண்டர் மாத்தணுமாமே, எங்கங்க இருக்கு? நான் தூக்கிட்டு வரேன்."

"சிலிண்டர் காலியானது உனக்கு யாரு சொன்னா?"

"லூசியோ மாமா சொன்னாருங்க."

அன்று மதியம் லூசியோவைப் பிடித்துக்கொண்டேன். அவர் விசிலடித்துக்கொண்டே தன் மூன்று சக்கர வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் விசிலடித்தால் ஏதோ இருக்கிறது.

"அந்த அம்மா உங்களுக்கு என்ன தரேன்னு சொல்லுச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஏண்டி இப்பிடி இருக்க?"

"பின்ன எதுக்கு விசிலு?"

"ஞாயித்துக்கிழமை முழுப்பன்னி வறுக்கிறாங்க. அதுக்குத்தான்."

"ஏங்க, திங்கட்கிழமை நான் சாட்சி சொல்லணும். மறந்துபோச்சா?"

அவர் குழாயை மூடினார். "நொர்மி, எனக்குப் பெரிய பெரிய ஞாயமெல்லாம் தெரியாது. நம்ம மக ஹாங்காங் போக வண்டிக்கு வழியில்லாம நின்னப்ப, மணிலா விமான நிலையம் வரைக்கும் வண்டி குடுத்தது யாரு? வாடகைன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல."

"அத எட்டு வருசமா ஒரு நாளும் சொல்லிக்காட்டல. அதான் பயமா இருக்கு."

"சொல்லிக்காட்டுனாலும் தப்பு, காட்டலைன்னாலும் தப்பா? உனக்குப் பரலோகத்துல இடம் குடுத்தாக்கூட, பக்கத்து இடம் யாருக்குன்னு கேப்ப" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மெல்ச்சோர் அண்ணனைப் போய்ப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையில் சூப்பைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு போனேன். நேராகக் கேட்டுவிடுவதாகத்தான் புறப்பட்டேன்: என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் அண்ணே?

அவர் ஊன்றுகோலை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே. யாரு நான், கவர்னரா?"

"கவர்னர் வந்தா எந்திரிக்க மாட்டேன். நீ சூப்பு கொண்டாந்திருக்கியே."

பேசினோம். மழை இந்த வருடம் பிந்துவதைப் பற்றிப் பேசினோம். அவருடைய சேவல் பக்கத்து வீட்டில் போய்த் தூங்குவதைப் பற்றிப் பேசினோம். அவர் ஏறாத மரங்களில் வேறு யாரோ ஏறுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் என் பேச்சை எடுக்க வாய் திறக்கும்போதெல்லாம் அவர் சேவலுக்குப் போனார். அவர் எதையோ எடுக்கப் பார்க்கும்போதெல்லாம் நான் மழைக்குப் போனேன். என் கண் சும்மா இருக்குமா? சுவரில் ஆணியில் வெள்ளைச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டுத் தொங்கியது. திங்கட்கிழமைக்குத் தயார் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், இருக்கிற ஒரே நல்ல சட்டை.

"ஞாயித்துக்கிழமை கடை உண்டா நொர்மி?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. தெரிந்துதான் கேட்கிறாரா?

"மத்தியானம் மூடுவேன்னு நெனைக்கிறேன். ஏண்ணே?"

"சும்மாதான் கேட்டேன்."

பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வாய் சாப்பிடச் சொல்லவில்லை. வந்தவரைச் சாப்பிடச் சொல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. பானை காலியாக இருந்தாலும் வாயளவிலாவது சொல்வோம்; வந்தவர் வயிறு நிறைந்திருக்கிறது என்பார்; பாக்கியை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ள மாட்டோம். மெல்ச்சோர் அண்ணன் தன் ஒரே முட்டையைக்கூட என் தட்டில் தள்ளிவிடுகிற மனிதர். மேசையில் தட்டுப் போட்டு மூடிய பாத்திரம் ஒன்று இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. என்மேல் கோபம், விஷயம் காதுக்கு வந்துவிட்டது, அதனால்தான் சாப்பிடச் சொல்லவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

கோபம் எனக்கும் வந்தது. யாராவது என்னைச் சந்தேகப்பட்டால் எனக்குப் பிடிக்காது. அந்த வேலையை நான் மட்டும்தான் செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் ரோமெலின் மனைவி ஜினலின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இருபது வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பேனர் அடிக்கக் கொடுக்க வேண்டும், என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

"யாரெல்லாம் நிக்கிறாங்க?"

"கேப்டன் வீட்டம்மா, பெரிய டீச்சர், ரைஸ்மில்காரம்மா, அப்பறம் நீங்க. இன்னும் நாலு பேருங்க. ஞானத்தகப்பன்மாரு பேரெல்லாம் அத்தைகிட்ட இருக்கு."

கேப்டன் மனைவியும் பெரிய டீச்சரும் இருக்கிற வரிசையில் நான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. சூப்பு ஊற்றுகிறவளின் பெயர் அந்தப் பெயர்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் வருவதைக் கண்ணில் ஓட்டிப் பார்த்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. அதற்கு என்ன தெரியும்? இதன்மேல் கெடுதல் விழ நான் காரணமாக வேண்டுமா? தவிரவும், அடிபட்டவர் மெல்ச்சோர் அண்ணன். வண்டியின் பெயரைப் படித்தவர். நான் கொஞ்சம் மென்று விழுங்கினாலும் அவர் விடுவாரா? விடமாட்டார். வழக்கு அவருடையது, அது தன் காலில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டி என் முழுப்பெயரைச் சொன்னேன். ஜினலின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களுக்குச் சம்மதம்தானுங்களா?"

"பேரு சொல்லிட்டேனே, அப்பறம் என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நான் மறுக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண் வந்தாளோ என்று பிறகு தோன்றியது. அதையும் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரண்டு தூணுக்கும் நடுவில் பேனர் கட்டியிருந்தது. குழந்தையின் படம், சுற்றிலும் மேகமும் பலூனும். ஒரு பக்கம் ஞானத்தாய்மார், மறுபக்கம் ஞானத்தகப்பன்மார், பக்கத்துக்கு எட்டுப் பேர். என் பெயரைத் தேடினேன். கடைசியில் இருந்தது. அதற்கு நேர் எதிரே, அந்த வரிசையின் கடைசியில், மெல்ச்சோர் அண்ணனின் பெயர் இருந்தது.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியேறி வந்தார். ரோமெல் அவர் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக் கொண்டுவந்து, தூணோரம் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனான்.

இருவரும் பேனரைப் பார்த்தபடி நின்றோம்.

"எப்பண்ணே கேட்டாங்க?"

"வியாழக்கிழமை. பீகோ கொண்டாந்தாங்க." தொண்டையைச் செருமினார். "நீ வந்தப்ப அதுதான் மேசையில இருந்துச்சு. உன்னச் சாப்புடச் சொன்னா மூடியத் தொறக்கணுமே."

"எனக்குப் புதன்கிழமையே கொண்டாந்துட்டாங்க."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீயும் சரின்னுட்டியா?"

"பச்சப்புள்ளய எப்பிடிண்ணே வேணாம்னு சொல்றது? நீங்க எப்பிடியும் வழக்க விடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் நெனச்சேன், நொர்மிக்கு வாய் நிக்காது, அவ எப்பிடியும் சொல்லிடுவான்னு. நான் கொஞ்சம் தணிஞ்சு போனா என்னன்னுதான்..."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"எப்பிடிக் கேக்கறது? உன்ன நம்பலைன்னு ஆயிடாதா?"

அதே காரணத்துக்காகத்தான் நானும் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் மரியாதை பார்த்துவிட்டேன். எங்கள் இரண்டு பேரின் கூச்சத்தையும் பெலாகியா அக்கா அளந்து வைத்திருந்தார், என் கடைக்கூரைத் தகரத்தை அளந்த மாதிரி. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உள்ளே மணி அடித்தது. போனோம்.

பாதிரியார் பொய்யை விலக்குகிறீர்களா என்று கேட்டார். பதினாறு பேரும் விலக்குகிறோம் என்றோம். குழந்தை தண்ணீர் பட்டதும் வீறிட்டது. விருந்தில் முழுப்பன்றியை வெட்டியதும் முதல் தட்டு மெல்ச்சோர் அண்ணனுக்குப் போனது. "கும்பாரே, நல்லா சாப்புடுங்க" என்று பெலாகியா அக்கா பக்கத்தில் நின்று பரிமாறினார். என்னையும் விடவில்லை. "குமாரே, இந்தத் தோலப் பாரு, எப்பிடி மொறுமொறுன்னு" என்றார். நான் மென்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஊர் மன்றத்தில் மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தோம். கேப்டன், பெலாகியா அக்கா, ரோமெல், மெல்ச்சோர் அண்ணன், நான். வெளியே கூடைப்பந்து மைதானத்தில் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் மனைவி நேற்று என் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர். ஆக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது ஒரே குடும்பம்.

கேப்டன் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க எல்லாரும் நம்மாளுங்கதான். மனசுவிட்டுப் பேசுவோம். குமாரே நொர்மிட்டா, அன்னிக்கிக் காலையில நீங்க கடைவாசல்ல இருந்தீங்களாமே. யாரையாச்சும் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். ரோமெல் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எதிரே ரோமெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. அவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா அவன் முழங்காலில் கையை வைத்தார். பெலாகியா அக்கா என்னைப் பார்த்தார். மிரட்டிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி பார்த்தார். என் வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். என் மகள் விமான நிலையம் போன வண்டி நினைவுக்கு வந்தது, குழந்தையின் விரல் நினைவுக்கு வந்தது, காலியான என் பெஞ்சுகள் நினைவுக்கு வந்தன. மெல்ச்சோர் அண்ணனின் கால் மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு என் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் கடைசியாக நினைவுக்கு வந்தது. 

"அவ என்னத்தப் பாத்தா கேப்டன்" என்றார் மெல்ச்சோர் அண்ணன். "நான் மரத்துலேருந்து வழுக்கி விழுந்தேன். வயசாச்சு, ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. வண்டி, கிண்டின்னு ஒளறிட்டேன்."

 எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. மூச்சு தாராளமாக உள்ளே போய் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் புரிந்தது, இனி நான் உண்மையைச் சொன்னால் அவரைப் பொய்யர் ஆக்குவேன். கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டுவிட்டது.

கேப்டன் 'மரத்திலிருந்து தவறி விழுந்தார்' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்காகக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். போட்டேன்.

மைதானத்தோரம் ஓடிப் போய் மெல்ச்சோர் அண்ணனை மறித்தேன்.

"எதுக்குண்ணே அப்பிடிச் சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். வாயத் தொறக்குற, மூடுற, தொறக்குற, மூடுற. கரையில போட்ட மீனாட்டம். பாக்க முடியல தங்கச்சி."

"அதுக்காகக் காலக் குடுத்துடுவீங்களா?"

"கால் என்னோடதுதானே. உன் கடை உன்னோடது."

"உண்மையச் சொல்லுங்க. அந்த அம்மா ஆப்பரேசன் பண்ணித் தரேன்னு ரகசியமா சொல்லியிருக்காங்க. அப்பிடித்தானே?"

"இல்லியே."

"அரிசி? நெலம்? ஏதாச்சும் ஒண்ணு சொல்லியிருப்பாங்க."

"பீகோ குடுத்தாங்க" என்றார். "உனக்குந்தானே குடுத்தாங்க."

நான் நம்பவில்லை. அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை சூப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். போனதும் என் கண் மூலைமூலையாகத் தேடும். புது அரிசி மூட்டை இருக்கிறதா, கூரையில் புதுத் தகரம் இருக்கிறதா, டாக்டர் சீட்டு எங்காவது செருகியிருக்கிறதா? அவர் பின்பக்கம் போன நேரம் பார்த்து ஒருநாள் டிரங்குப் பெட்டியைக்கூடத் திறந்துவிட்டேன். இரண்டு லுங்கியும் பாளை சீவும் அரிவாளும் இருந்தன. போன வாரம் பார்த்தேன், அரிவாளும் இல்லை; விற்றுவிட்டாராம். டாக்டர் சொன்ன மூன்று மாதமும் முடிந்துவிட்டது. எலும்பு கோணலாகவே இறுகிவிட்டது. இப்போது என் கடை வாசலில் உட்கார்ந்து, ஜீப்னியில் வருகிறவர்களுக்குச் சிகரெட் விற்கிறார்.

அவர் ஏதாவது வாங்கியிருக்க வேண்டும். ஒரு மூட்டை அரிசியாவது, ஒரு வார்த்தையாவது. அப்படி வாங்கியிருந்தால் அவரும் என்னைப் போலத்தான் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாகச் சோறு வடிப்பேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எதுவும் கிடைக்கவில்லை.